வால்வைத் தொடாமல் ஊதியபோது

சத்துவாச்சாரியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். காலடியில் விழுந்த சரவெடியைத் தள்ளப்போய் வலது கையில் மூன்று விரல் வெந்துவிட்டது. நான் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன். ஸ்வரம் மாற்ற வால்வை அமுக்குவதே அந்த மூன்று விரல்தான். பத்து நாள் வேலை போச்சு.

சும்மா இருக்க முடியுமா? ஒரு சாயங்காலம் வேலூர் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து, இடது கையில் பிடித்து, வால்வைத் தொடாமல் ஊதிப் பார்த்தேன். உதட்டை இறுக்க இறுக்க ச, ப, மேல் ச, க, ப என்று தாவித் தாவி ஏறியது. க-வுக்கும் ப-வுக்கும் நடுவே ம வரவே இல்லை. கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ராணுவ பேண்டில் ஹாரன் என்ற வளைந்த பித்தளைக் குழல் ஊதியவர்களுக்கு இதுதான் பிழைப்பு. வால்வுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1818-ல், பெர்லினில். 1762-ல் இங்கிலாந்து பீரங்கிப் படைக்கு அமைந்த பேண்டில் மொத்தமே எட்டுப் பேர். அந்தக் கால செட்டில் ஓபோ, கிளாரினெட், பஸூன் என்ற மரக்குழல்களும் ஹாரனும் ஜோடி ஜோடியாக இருக்கும். மெட்டை ஓபோவும் கிளாரினெட்டும் இழுத்துப் போகும். ஹாரன்காரர் ச, ப பிடித்து முட்டுக் கொடுப்பார். அப்புறம் துருக்கிப் படையைப் பார்த்துப் பெரிய டிரம்மும் ஜால்ராவும் சேர்ந்தன. அந்த டிரம்மை ஒரு பக்கம் கனத்த கோலாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். எங்கள் டிரம்காரரிடம் சொன்னேன். "தவிலுன்னு சொல்லு தம்பி" என்றார்.

கும்பினிப் படையோடு இந்த வாத்தியங்கள் நம் பக்கமும் வந்தன. மணலியில் இருந்த காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் பேண்டு கேட்டார் என்பார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டவைதான் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரண ராகம், ஸ்வரத்தை வளைத்துக் குழைக்கும் கமகம் கிடையாது. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டேதான்.

ஊர்வலம் கிளம்பும்போது நாங்கள் 'சக்தி சஹித கணபதிம்' வாசிப்போம். அதுவும் ஒரு நோட்டுஸ்வரம்தான். அதில் நான் அங்கங்கே வளைத்து, குழைத்து ஊதுவேன். கர்நாடக சங்கீதமாச்சே என்ற நினைப்பு. கட்டு பிரித்த மறுவாரம் காட்பாடியில் ஒரு கல்யாணம். ஒரு வளைவும் இல்லாமல், ஸ்வரத்தை நேராக நிறுத்தி ஊதினேன். எனக்கென்னவோ பாட்டு நிமிர்ந்து நடப்பது போலிருந்தது.

பக்கத்தில் கிளாரினெட் அண்ணன் வாயிலிருந்து கட்டையை எடுத்தார்.

"இன்னாடா, இவ்ளோ மொட்டையா ஊதுற? விரல் இன்னும் ஆறலியா?"

"ஆறிடுச்சுணா."