காலை நேரத்து மூன்று நொடிகள்: பழைய காரின் என்ஜின் சத்தத்தைத் தேடிக் கண்டறிந்த குறிப்புகள்

பதினெட்டு ஆண்டுகள் ஓடிய என்னுடைய பெட்ரோல் கார், இரவு முழுவதும் நின்றுவிட்டுக் காலையில் முதன்முறை கிளம்பும்போது மட்டும் ஒரு கடகடப்பை எழுப்பியது. தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஏறத்தாழ மூன்று நொடிகள் கேட்கும்; பிறகு முற்றிலும் அடங்கிவிடும். அன்று முழுவதும் எத்தனை முறை நிறுத்திக் கிளப்பினாலும் சத்தம் வராது. என்ஜினைத் திறந்து பார்க்கும் முன், வெளியிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று பார்த்துவிட எண்ணினேன். அந்த ஆறு வார வேலையின் பதிவு இது.

குளிர்ந்த நிலையில் வரும் சத்தத்துக்குக் காரணங்கள் பல உண்டு. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி கூடியிருந்தால், பிஸ்டன் சூடேறி விரியும்வரை பக்கவாட்டில் தட்டும். அது அடங்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும், உலோகம் சூடாகி இடைவெளியை அடைக்கும்வரை ‘டிக் டிக்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும். அதற்குச் சூடும் குளிரும் ஒன்றுதான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு இணைப்பது டைமிங் செயின். ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்கும் அதன் இறுக்கியான டென்ஷனரோ, வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட்டோ காரணமாக இருந்தால், ஆயில் வந்து சேரும் சில நொடிகளுக்கு மட்டும் சத்தம் இருக்கும். என் என்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் டாப்பெட் அல்ல என்பதால், மூன்று நொடி என்ற கணக்கு முதல் நாளே டைமிங் செயினைச் சுட்டியது. ஆனாலும் சுட்டுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு.

இந்தத் தேடலில் எனக்கிருந்த பெரிய தடை, ஓர் இரவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்பதுதான். ஒருமுறை என்ஜின் ஓடிவிட்டால் அடுத்த சோதனைக்கு மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு காலைக்கும் ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, மீட்டர் பலகைக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தி, ஒலியையும் ஆயில் விளக்கையும் சேர்த்தே பதிவு செய்தேன். காதால் ‘ஏறக்குறைய மூன்று நொடி’ என்று நினைத்ததைப் பதிவில் பார்த்தபோது 3.1 நொடி, ஆயில் விளக்கு அணைந்தது 2.2 நொடியில். அந்த விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும் என்பதால், அது அணைந்த பிறகும் சத்தம் சற்று நீடித்தது எனக்கு முரணாகத் தெரியவில்லை.

அடுத்து, வண்டி நிற்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் நின்றபின் சத்தமே இல்லை. நான்கு மணி நேரத்துக்குப் பின் அரை நொடிக்கும் குறைவு. எட்டு மணி நேரத்தில் இரண்டு நொடி, பன்னிரண்டில் மூன்று. ஆனால் இரண்டு நாள் நிறுத்திவைத்தும் மூன்றரை நொடியைத் தாண்டவில்லை. ஏதோ ஒன்று மெல்ல வடிந்து, ஒரு கட்டத்தில் வடிய வேண்டியதெல்லாம் வடிந்து முடிந்துவிடுகிறது என்று இதைப் புரிந்துகொண்டேன்.

ஆனால் நின்ற நேரம் கூடக்கூட என்ஜின் குளிர்வதும் கூடுகிறது. குளிர்ச்சி காரணமா, ஆயில் வடிந்தது காரணமா என்று இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஒரு காலையில் என்ஜினை இருபது நொடி மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் கிளப்பினேன். என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை அதற்குள் இரண்டு மூன்று டிகிரிதான் ஏறியிருந்தது. அதாவது என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருந்தது. சத்தம் வரவில்லை. பிஸ்டன் தட்டுவதாக இருந்திருந்தால் அது அப்போதும் தட்டியிருக்கும். மறுநாள் இதையே வேறு வழியில் பார்த்தேன்: இன்ஜெக்டர்களுக்கான ஃபியூஸை எடுத்துவிட்டு, எரிபொருள் போகாத நிலையில் ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். அதற்கு ஆறு நொடி பிடித்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிவிடும் என்பதால் பத்து நொடிக்கு மேல் இதைச் செய்யக்கூடாது. பிறகு ஃபியூஸைப் பொருத்திக் கிளப்பியபோது, பன்னிரண்டு மணி நேரம் நின்ற அந்த என்ஜின் ஓசையின்றி ஓடத் தொடங்கியது. இத்தனை சோதனைகளில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இதுதான். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் காரணம் ஆயில்தான் என்று உறுதியாகிவிட்டது.

இடத்தைக் கண்டறிய, நீண்ட திருப்புளியின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டேன். தம்பி உள்ளே அமர்ந்து, “அண்ணா, திருப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டே ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பினான். சுற்றும் பாகங்களுக்கு அருகே காதை வைக்கும்போது இந்த ஒழுங்கு தவறவே கூடாது. நான்கு காலைகளில் நான்கு இடங்கள். செயின் மூடியின் மேற்பகுதியில், டென்ஷனர் இருக்கும் பக்கத்தில், சத்தம் காதில் அறைந்தது. மற்ற இடங்களில் மங்கல்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இருபது நொடி ஓடவிட்டும் மாற்றமில்லை என்பதால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் விலகின. ஆயில் ஸ்விட்ச் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தேன்; என்ஜின் நன்கு சூடான பின் ஐட்லிங்கில் 1.1 பார், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3.3 பார். ஆயில் பம்ப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

இனி எஞ்சிய கேள்வி, ஆயில் ஏன் இவ்வளவு வடிகிறது என்பது. இந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. என்ஜின் நின்றதும் ஃபில்டரில் உள்ள ஆயில், என்ஜினின் அடியிலுள்ள தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடாமல் தடுக்க, அதன் வாய்ப்பகுதிக்கு உட்புறம் ஒரு ரப்பர் வளையம் வால்வாக வேலை செய்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற ஒரு காலையில், கிளப்பாமலேயே ஃபில்டரைக் கழற்றினேன். ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டியதில் அடியில் சிறிதளவுதான் இருந்தது. நடுத்துளையைச் சுற்றியுள்ள சிறு துளைகளின் வழியே மரக்குச்சியால் அந்த ரப்பரை அழுத்தினால், வளைந்து கொடுக்காமல் அட்டைபோல் விறைத்து நின்றது. நைட்ரைல் ரப்பர் நெடுங்காலச் சூட்டில் இப்படி இறுகிவிடும். சிலிக்கோன் ரப்பர் அதைவிட நன்றாகத் தாங்கும். சிலிக்கோன் வால்வு உள்ள ஃபில்டரைப் பொருத்தினேன். உள்ளே இருந்த 20 டபிள்யூ 50 ஆயில், கையேடு சொல்லும் 10 டபிள்யூ 30-ஐவிடக் கெட்டியானது என்று தெரிந்தும் அதை அப்போது மாற்றவில்லை. இரண்டையும் ஒருசேர மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாமல் போகும். மறுநாள் காலைப் பதிவில் சத்தம் 3.1 நொடியிலிருந்து 1.2 நொடியாகக் குறைந்திருந்தது.

பலர் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ள டென்ஷனரின் பல்பூட்டு, அதாவது வெளியே வந்த தண்டைப் பின்வாங்கவிடாமல் பிடிக்கும் பற்கள், ஆயில் வரும் முன்பே செயினை ஓரளவு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். டென்ஷனரை வெளிப்புறமாகவே கழற்ற முடிந்தது. அது வெளியே இருக்கும் வேளையில் கிராங்க்கைச் சிறிதும் திருப்பக்கூடாது. செயின் ஒரு பல் தாவினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். டென்ஷனரிலிருந்து நீண்டு செயினை இறுக்கும் தண்டான பிளஞ்சர் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்திருந்தது. இரண்டு பற்களே மீதம். செயினின் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்து, அதன் மொத்த நீளம் கூடிவிட்டது என்பதன் அடையாளம் அது. ஆயில் ஊற்றும் வாய் வழியாகச் சிறு கேமராவை இறக்கியபோது, செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடில் செயின் உராய்ந்த இரட்டைப் பள்ளமும் ஓர் விரிசலும் தெரிந்தன.

அதன்பின் செயின், கைடுகள், டென்ஷனர் அனைத்தையும் மாற்றினேன். கையேட்டின்படி செய்த வேலை என்பதால் அதை விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொருத்தி முடித்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பினால், கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றி, பல்சக்கரங்களின் குறிகள் மீண்டும் நேராக வரும். ஆனால் செயினிலுள்ள நிறமிட்ட கண்ணிகள் அப்போது குறிகளோடு பொருந்தியிருக்கமாட்டா. அவை பொருத்தும் நேரத்துக்கு மட்டுமே உரியவை என்பதை அறியாதவர், சரியாகச் செய்த வேலையையே மீண்டும் பிரித்துவிட நேரும்.

புதிய டென்ஷனரோடு 10 டபிள்யூ 30 ஆயிலும் ஊற்றினேன். முதல் முறை கிளப்பும்போது, காற்று நிறைந்த டென்ஷனருக்கு ஆயில் சேரும்வரை ஒரு நொடி கடகடத்தது, அது எதிர்பார்த்ததே. மறுநாள் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒன்றுமில்லை. பிறகு மூன்று முழு நாட்கள் நிறுத்திவைத்துக் கிளப்பினேன். ஆயில் விளக்கு 1.1 நொடியில் அணைந்தது. பதிவை மூன்று முறை திரும்பக் கேட்டேன். ஸ்டார்ட்டரின் சுழலொலிக்குப் பின் இன்ஜெக்டர்களின் மெல்லிய துடிப்பு மட்டுமே கேட்டது.