ஐம்பது கூடுகளும் ஒரு போன் அழைப்பும்

இலக்குச் சுடும் பழக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டாதான் தீராத செலவு. சுட்டு முடித்து ரிவால்வரைக் கவிழ்க்கும்போது உள்ளங்கையில் விழும் பித்தளைக் கூடுகளைத் தூக்கிப்போட எனக்கு மனசே வந்ததில்லை. தோட்டாவில் விலை கூடிய பகுதி அதுதான், பல தடவை நிரப்பினாலும் தாங்கும். உரிமம், அனுமதி எல்லாம் முறையாக முடிந்த பிறகு நானே நிரப்பிப் பார்ப்பது என்று இறங்கினேன்.

ஆரம்பித்தது .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில். நேரான கூடு என்பதால் கார்பைடு டை, அதாவது கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் கடினமான அச்சு, இருந்தால் போதும். கழுத்து சுருங்கிய ரைஃபிள் கூட்டுக்குச் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் மசகு தடவ வேண்டாம். டையைப் பொருத்தி நெம்புகோலால் அழுத்தும் பிரஸ் வாங்கும் முன்பே மருந்து அளவுக் கையேட்டை வாங்கிப் படித்தேன். எந்தக் குண்டுக்கு எந்த பவுடர், எவ்வளவில் தொடங்கலாம், எதைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அனுபவசாலி ஒருவர் வாய்வழியாக ஓர் அளவு சொன்னார். கேட்டுக்கொண்டேன், ஆனால் கையேட்டில் இருந்த தொடக்க அளவைத்தான் போட்டேன்.

முதல் நாளே டையின் ஊசி வளைந்தது. பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி; சுட்டு முடிந்த பழையதைத் தள்ளி வெளியேற்றும் ஊசி அது. பாக்ஸர் வகைக் கூட்டின் அடியில் நடுவில் ஒரே துளை, ஊசி நேராக இறங்கும். பெர்டான் வகையில் நடுவில் துளையே கிடையாது, ஓரமாக இரண்டு இருக்கும். யாரோ கொடுத்த பழைய கூடுகளில் அப்படி ஒன்று கலந்திருக்கிறது, நான் பார்க்காமல் நெம்புகோலை அழுத்திவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை: பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் நிலைத்ததோ ஆங்கிலேயருடைய பிரைமர்தான்.

கூட்டை அளவுக்குச் சுருக்குவதும் புதுப் பிரைமரை அழுத்துவதும் வாயை லேசாக விரிப்பதும் பழகிவிட்டால் கை தானாகச் செய்துவிடும். பயம் பவுடரில்தான். அதை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயினுக்குச் சற்று மேல். .38 ஸ்பெஷல் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்தின் கடைசியில் வந்த தோட்டா. அந்தப் பொடி நிறைய போட வேண்டும், அதனால் கூடு பெரியது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். தவறிப்போய் இரண்டு முறை போட்டாலும் வழியாது, காட்டிக்கொடுக்காது.

இரண்டாம் நாள் ஐம்பது கூடுகளைப் பலகைக் குழிகளில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எந்தக் கூட்டில் நிறுத்தினேன் என்று நினைவில்லை. டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் பட்டது. 'போல' என்பதுதான் உறுத்தியது. இரட்டை அளவு விழுந்திருந்தால் ரிவால்வரே வெடிக்கலாம். பவுடரே இல்லாத ஒன்று இருந்தால், பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள்ளேயே சிக்கவைக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அத்தனையையும் கொட்டினேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் போன் வேறு அறையில் இருக்கும். பவுடர் போடாத கூடுகள் பலகையில் தலைகீழாக நிற்கும், போட்டது மட்டும்தான் நிமிரும். குண்டு வைக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் ஐம்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

குண்டைப் பொருத்தி, காலிப்பரில் மொத்த நீளம் பார்த்து, வாயை இறுக்கினால் தோட்டா தயார். ஈயம் தொட்ட கை, சாப்பிடும் முன் நன்றாகக் கழுவ வேண்டும்.

சுடச் சென்ற நாளில் முதல் ஐந்தும் ஒழுங்காகப் போயின. ஆறாவதுக்கு உருளை சுற்ற மறுத்தது. கவனமாகத் திறந்து பார்த்தேன். ஒரு பிரைமர் முழுசாக உள்ளே இறங்காமல் மயிரிழை துருத்திக்கொண்டு ரிவால்வரின் உடற்சட்டத்தில் உரசியிருக்கிறது. பவுடருக்கு அவ்வளவு பயந்தவன் இதைக் கோட்டை விட்டிருந்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி இருந்த தோட்டாக்களின் அடியை அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். இன்னும் இரண்டு அகப்பட்டன.