மூடுபனியில் டயாப்டர் திருத்திய அனுபவம்

கடந்த நவம்பர் மாதக் கடைசியில், வனத்துறையிடம் அனுமதி பெற்று, கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலைக்குள் சென்றிருந்தேன். 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலைக்குள் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பாசி படர்ந்த ஒரு குச்சியில், கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் ஒன்று வந்து அமர்ந்தது. நீலகிரியும் பழனி மலையும் உள்ளிட்ட தென் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காணக் கிடைக்காத பறவை அது. ஆட்டோஃபோகஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கிளையையே பிடித்துக்கொண்டிருந்ததால், லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பினேன். எவ்வளவு திருப்பியும் பறவை தெளிவாகத் தெரியும் இடம் எதுவென்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது, கையால் ஃபோகஸ் செய்த படங்கள் அனைத்தும் மங்கலாக இருந்தன. ஆட்டோஃபோகஸில் எடுத்த படங்களில் முன்கிளையின் பாசி இழை இழையாகத் துலங்கியது.

இந்த வேறுபாட்டிலேயே விடை இருந்தது. அன்று எனக்கு அது புலப்படவில்லை. லென்ஸில் கோளாறு என்று தீர்மானித்து, அதைக் கோயம்புத்தூரில் பழுது பார்க்கக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, சோதித்துப் பார்த்ததில் எந்தக் குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். பதினேழு வயதான என் அக்கா மகனிடம் கேமராவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். “எனக்கு நல்லாத் தெளிவாத்தான் தெரியுது, மாமா” என்றான். அவன் சொன்னதும் உண்மைதான் என்பதால் என் குழப்பம் அதிகமாயிற்று.

ஒரு நாள் இரவு, ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொண்டே வ்யூஃபைண்டருக்குள், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள், பார்த்தபோதுதான் உண்மை பிடிபட்டது. கீழ் விளிம்பில் ஒளிரும் எண் 500-ஆ, 800-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, மேலே உள்ள சிறு திரையைப் பார்த்த பிறகே அது 800 என்று அறிந்தேன். அந்த எண்கள் லென்ஸ் வழியாக வருபவை அல்ல, கேமராவுக்குள்ளேயே ஒளிர்பவை. லென்ஸைக் கழற்றி வைத்தாலும் அவை தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அவையே மங்கலாகத் தெரிகின்றன என்றால், குறை அவற்றுக்கும் என் கண்ணுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7200. அதன் வ்யூஃபைண்டருக்கு வலப்புறம் டயாப்டர் சக்கரம் எனப்படும் ஒரு சிறு சக்கரம் உள்ளது. கேமராவை வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை. அதன் வேலை எளிமையானது. லென்ஸ் தரும் பிம்பம் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியில் பட்டு மேலேறி ஒரு மங்கல் தகட்டின் மீது விழுகிறது. அந்தத் தகட்டை நாம் ஒரு பூதக்கண்ணாடி போன்ற அமைப்பின் வழியாகப் பார்க்கிறோம். அந்த அமைப்பின் பவரை நம் கண்ணுக்கு ஏற்ப மாற்றுவதே சக்கரத்தின் பணி. ஆட்டோஃபோகஸ் உணரியோ கேமராவின் அடிப்பகுதியில் தனியாக இருக்கிறது. நம் கண் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பாசி தெளிவாகவும் பறவை மங்கலாகவும் பதிவானதன் காரணம் இதுதான். அந்தக் கண்ணாடி இல்லாத, ஆனால் வ்யூஃபைண்டர் உள்ள மிரர்லெஸ் கேமராக்களிலும், உள்ளே இருக்கும் சிறு திரையை இதே போன்ற ஒரு லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதால், அவற்றிலும் இந்தச் சக்கரம் உண்டு.

முதல் முயற்சியைத் தவறாகச் செய்தேன். எதிரே இருந்த தேயிலைச் சரிவை நோக்கிக் கேமராவைப் பிடித்து, சரிவு தெளிவாகும் வரை சக்கரத்தைத் திருப்பினேன். காட்சியைப் பார்த்துத் திருப்பினால், லென்ஸின் ஃபோகஸ் பிழையும் வ்யூஃபைண்டரின் பிழையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எதை எது சரிக்கட்டுகிறது என்பது தெரியாது. பார்க்க வேண்டியது காட்சியை அல்ல, காட்சியின் மீது கருங்கோடுகளாகத் தெரியும் ஃபோகஸ் சட்டங்களையும் கீழே உள்ள எண்களையும்தான். கேமரா இயங்கு நிலையில் இருப்பதும் அவசியம். இந்த மாடலில் பேட்டரி இல்லாவிட்டால் வ்யூஃபைண்டரே இருண்டு, மங்கிவிடும்.

அடுத்த நாள் காலையில் மூடுபனி இறங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கோத்தகிரிப் பனி எப்படிப்பட்டது என்பதை இங்கு இருப்பவர்கள் அறிவார்கள்; வாசலில் நின்றால் எதிர் வேலி தெரியாது. படம் எடுக்க உதவாத அந்த வெண்மை, இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. கண்ணைக் கவரும் பொருள் எதுவும் இல்லை. வெள்ளைத் தாளில் வரைந்தது போல ஃபோகஸ் சட்டங்கள் மட்டுமே தெரிந்தன. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, சக்கரத்தைப் பிளஸ் பக்கக் கடைக்கோடி வரை திருப்பிக் கோடுகளை முற்றிலும் மங்கச் செய்தேன். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, கோடுகள் கூர்மையடைந்த முதல் இடத்தில் நிறுத்தினேன். கண்ணை எடுத்து, சிறிது நேரம் பனிக்குள் வெறுமனே பார்த்துவிட்டு, மீண்டும் பார்த்தேன். மூன்று முறை செய்தும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது.

முதல் இடத்தில் நிறுத்துவது மிக முக்கியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சக்கரம் நிக்கான் நடுநிலை என்று சொல்லும் மைனஸ் 1 டயாப்டரில் இருக்கும்போது, வ்யூஃபைண்டர் பிம்பம் ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பது போலக் கண்ணுக்குத் தோன்றும். மைனஸ் 2-க்குக் கொண்டுபோனால் அரை மீட்டர். இளங்கண் அந்தத் தூரத்துக்கும் தன்னைச் சுருக்கிக்கொண்டு தெளிவாகப் பார்த்துவிடும். என் மருமகனுக்கு எந்த நிலையிலும் தெளிவாகத் தெரிந்ததன் ரகசியம் அதுவே. ஆனால் அந்த உழைப்பு மணிக்கணக்கில் நீடித்தால் தலைவலியில் முடியும். ஆகவே பிளஸ் கோடியிலிருந்து, அதாவது எவ்வளவு முயன்றாலும் கண்ணால் தெளிவாக்க முடியாத பக்கத்திலிருந்து, தொடங்குவதே சரி. எனக்கு வயது 48, வெள்ளெழுத்து தொடங்கிவிட்டது. கண்ணின் அந்த நெகிழ்ச்சி குறைந்துபோனதால்தான், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை தொந்தரவு தராத அதே வ்யூஃபைண்டர் இப்போது மங்கிற்று.

மூக்குக்கண்ணாடி இல்லாமலும் முயன்று பார்த்தேன். என் வலக்கண்ணுக்கு மைனஸ் 2.25 பவரும், மைனஸ் 1.25 சிலிண்டரும் (அஸ்டிக்மாடிசத்துக்கான பவர்) உண்டு. டி7200-இன் சக்கரம் மைனஸ் 2 முதல் பிளஸ் 1 வரைதான் செல்லும். வ்யூஃபைண்டரில் பொருத்தும் கூடுதல் திருத்த லென்ஸ்கள் மைனஸ் 5 வரை கிடைக்கின்றன என்றாலும், அவையும் சக்கரமும் சிலிண்டரைத் திருத்தா. மைனஸ் கோடியில் நிறுத்திப் பார்த்தபோது, ஃபோகஸ் சட்டத்தின் நெட்டைக் கோடு ஓரளவு தெரிந்தது, படுக்கைக் கோடு இரட்டையாக நிழலாடியது. சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கண்ணாடியை அணிந்தே பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு காட்சி எனக்கு உணர்த்திவிட்டது. சிலிண்டர் இல்லாத என் இடக்கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமலே சக்கரம் பொருந்தியது. ஆனால் அதற்கான இடம் வேறு.

எல்லாம் சரியாயிற்று என்று நம்பியிருந்தபோது, மரத்தின் உச்சியில் இருந்த பறவையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் வ்யூஃபைண்டர் மீண்டும் மங்கியது. இறக்கினால் தெளிந்தது. இதற்கான காரணத்தைக் குன்னூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரியவர்தான் கண்டுபிடித்தார். கேமராவைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, நான் அதைப் பிடிக்கும் விதத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். “சார், நீங்க போட்டிருக்கிறது ப்ராக்ரஸிவ். நிமிரும்போது கேமரா கண்ணாடியை மேலே தள்ளிவிடுது, படிக்கிற பகுதி வழியா பார்க்கிறீங்க” என்றார். ப்ராக்ரஸிவ் கண்ணாடியில் மேலிருந்து கீழே வரவரப் பவர் மாறிக்கொண்டே போகும். சக்கரத்தை எங்கே வைத்தாலும், கண்ணாடி சற்று நகர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

அவருடைய யோசனைப்படி, தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரே பவர் கண்ணாடி ஒன்றைப் படம் எடுப்பதற்கென்றே செய்துகொண்டேன். இந்த கேமராவில் முழுச் சட்டகமும் தெரிய வேண்டுமானால், கண் வ்யூஃபைண்டர் லென்ஸிலிருந்து 19.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்தால் அந்த இடைவெளி எளிதில் கூடிவிடுவதால், மூலைகளும் கீழே உள்ள எண்களும் மறையும். பெரியவர் சிறிய ஃப்ரேமாகத் தேர்ந்தெடுத்து, மூக்குப் பட்டைகளை வளைத்து, கண்ணாடி கண்ணுக்கு மிக நெருக்கமாக அமரும்படி செய்துகொடுத்தார். இப்போது நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிவதில்லை. கண்ணைச் சற்று நகர்த்தினால் தெரிகின்றன. இந்தக் குறையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

புதிய கண்ணாடியுடன் மறுபடியும் ஒரு பனி நாளில் சக்கரத்தைத் திருத்தினேன். நடுவிலிருந்து சற்றே பிளஸ் பக்கம் நின்றது. சக்கரம் பையில் உரசி நகர்ந்துவிடக்கூடியது. கேமராவை அவ்வப்போது எடுத்துச் செல்லும் என் மருமகனும் தனக்கேற்ப அதைத் திருப்பிக்கொள்கிறான். ஆகவே என் இடத்தைச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் குறித்திருக்கிறேன்; அவனுக்கு வெள்ளைப் பொட்டு. வெளியே புறப்படும் முன் ஷட்டர் வேகத்தை 500-க்கும் 800-க்கும் மாற்றி, இரண்டையும் கண்ணால் படித்துப் பார்க்கிறேன். ஜனவரியில் லாங்வுட் சோலையில் அதே ஈப்பிடிப்பான் வகையைக் கையால் ஃபோகஸ் செய்தபோது, அதன் அலகின் அடியில் நிற்கும் மெல்லிய மயிர்கள் வ்யூஃபைண்டரிலேயே தெரிந்தன.