உங்களை நிறுத்த முடியாதுங்களே

நிகழ்தகவுத் தாளுக்குப் பதிலாகத் தான் படித்துக்கொண்டிருந்த, ஐ.ஐ.டி.கள் இணையத்தில் வீடியோவாக நடத்தும் என்பிடெல் பாடத்தின் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளும்படி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தபோது, "நான் நடத்துறதும் அதேதானே கண்ணு?" என்று கேட்டேன். "வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாக்கலாமுங்க சார். உங்களை நிறுத்த முடியாதுங்களே" என்றாள். துறை அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் அரசின் இணையத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்துவிட்டது. ஆயினும் துறைக் கூட்டத்தில் நான் மறுப்பாகவே பேசினேன். வாராந்திர அசைன்மென்ட்டுகளின் விடைகள் டெலிகிராமில் சுற்றுகின்றன என்பதே நான் சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் அந்த அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண்தான், மீதி 75-க்கும் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அன்று நான் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அவளைச் சோதித்துப் பார்த்தேன். அவளுடைய நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்தின் ஓரத்திலும் 14.20, 31.05 என்று வீடியோவின் நிமிடங்கள் பென்சிலில் குறிக்கப்பட்டிருந்தன. என் வகுப்பு நோட்டில் எந்த மாணவரும் அவ்வளவு கவனத்தைக் காட்டியதில்லை. விளைவைப் பார்த்துக் காரணத்தின் வாய்ப்பைக் கணக்கிடும் பேயசு தேற்றத்தைப் பிழையின்றி எழுதினாள், கணக்கில் தடுமாறினாள். "இந்த எடத்த ஏழு தடவ பாத்தனுங்க சார், புடிபடலீங்க" என்றாள். அவள் வீடு, ஈரோட்டில் தறிகள் நிறைந்த வீரப்பன்சத்திரத்தில். துப்பட்டாவில் பஞ்சு ஒட்டியிருந்தது. எனவே தறிக்கணக்காகவே கேட்டேன்: ஆயிரம் பீஸில் 600 முதல் தறியில், 400 இரண்டாவதில், முதலாவதில் நூற்றுக்கு 2 டேமேஜ், இரண்டாவதில் 5, கையில் எடுத்த டேமேஜ் பீஸ் இரண்டாவது தறியினுடையதாக இருக்க வாய்ப்பு என்ன? ஐந்து சதவீதம் என்று தொடங்கியவள், தானே நிறுத்தி, முதல் தறியின் டேமேஜ் 12-ஐயும் இரண்டாவதின் 20-ஐயும் கூட்டி, 32-இல் 20 என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆசிரியர் எதிரில் இருக்க வேண்டியதன் அவசியத்துக்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருந்துறை சாலை நெரிசலில் நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது: பதினோரு ஆண்டுகளாக வகுப்பில் நான் சொல்லிவந்தவை பகடையும், பைக்குள் கிடக்கும் சிவப்பு, கறுப்புப் பந்துகளும்தாம். வீடியோவிலும் அவைதாம். அந்தத் தறிக்கணக்கு என் அறையில், ஒருத்திக்காக, ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததால் வந்தது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யாருடைய துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. அப்படியானால் நான் காப்பாற்றியது வகுப்பறையையா, என் தாளையா?

அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 75 சதவீத வருகைக்காக வகுப்புக்கு வந்தாள். என்பிடெல் தேர்வையும் தனியாக எழுதித் தேறினாள். இரண்டிலும் படித்ததால் இரட்டிப்பாகக் கற்றாளா, இரட்டிப்பாக அலைந்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பந்துகளை விட்டுவிட்டு இப்போது தறியையும் மஞ்சள் மூட்டையையும் வைத்துக் கணக்குப் போடுகிறேன். நடுவே நிறுத்தி, மூன்றாவது பெஞ்சைப் பார்த்து, "புரியுதா கண்ணு?" என்று கேட்கிறேன்.

"புரியுதுங்க சார்" என்கிறாள், எல்லோரையும் போல.