2^127 − 1 பிரைம் தானான்னு நானே ஓட்டிப் பார்த்தது

170141183460469231731687303715884105727. இதான் 2^127 − 1, மொத்தம் 39 இலக்கம். லூகாஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1876லயே கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்லாம இது பகா எண்ணுன்னு நிரூபிச்சிட்டார், 1951 வரைக்கும் இதவிடப் பெருசா ஒன்னு யார் கைக்கும் சிக்கல.

ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்க்கிறதெல்லாம் ஆகாத வேலை, இதோட வர்க்கமூலமே 20 இலக்கம் வருது. லூகாஸ் வழியை பின்னாடி லேமர்ங்கிற அமெரிக்கக் கணித அறிஞர் சுருக்கிக் கொடுத்திருக்கார், அது ரொம்ப சிம்பிள். 4ல ஆரம்பிக்கணும், வர்க்கம் எடுத்து 2 கழிச்சு, நம்ம எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கிட்டு திரும்ப அதையே செய்யணும். முதல்ல 2^7 − 1, அதாவது 127க்கு பேப்பர்லயே போட்டேன்: 4, 14, 67, 42, 111, அடுத்து 111 × 111 − 2 = 12319, அது கரெக்டா 127 × 97, மீதி 0. அடுக்கு 7ங்கிறதால 7 − 2 = 5 ரவுண்டு, அஞ்சாவதுல 0 வந்தா பிரைம், வரலேன்னா இல்ல, அவ்ளோதான்.

இதைப் பைத்தான்ல புரோகிராமா எழுதும்போது வகுத்தலே தேவைப்படல, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 2^127ஐ இந்த எண்ணால வகுத்தா மீதி 1, அதனால வர்க்கத்தை பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதி, கடைசி 127 பிட்டை (இலக்கத்தை) தனியா வெட்டி, மேல மிச்சம் இருக்கிறதை அப்படியே இறக்கி அதோட கூட்டி, கூட்டுத்தொகை நம்ம எண்ணைவிட சின்னதா இல்லேன்னா அந்த எண்ணை ஒரு தடவை கழிச்சா போதும். 125 ரவுண்டு, எண்டர் தட்டின உடனே முடிஞ்சுது. மீதி எல்லாத்தையும் பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன், முதல் சிலது சின்னது, அப்புறம் பெரும்பாலும் 39, 38 இலக்கத்துல கண்டபடி ஓடிட்டே இருக்கு, கடைசி வரியில பொட்டுனு ஒரு 0.

அடுக்கு 67, அதாவது 2^67 − 1ஐயும் போட்டேன். மெர்சென்ங்கிற பிரெஞ்சுத் துறவி 1644ல அதை பிரைம்னு லிஸ்ட்ல சேர்த்திருந்தார், மீதி 0 வரல. ஆனா எந்த எண்ணால வகுபடும்னு இந்த டெஸ்ட் மூச்சு விடாது. லூகாஸ் பிரைம் இல்லைன்னு காட்டியும், 193707721 × 761838257287ன்னு கோல்ங்கிற அமெரிக்கக் கணித அறிஞர் உடைச்சுக் காட்ட 1903 ஆயிடுச்சு!

அடுத்து அடுக்கு 11213, 1963ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சு தபால் முத்திரையிலயே போட்டுக்கிட்டாங்களே, அதுவும் 0. 44497க்கும் 0 வந்துச்சு, ஆனா அந்த எண்ணோட 13395 இலக்கத்தையும் பிரிண்ட் பண்ணச் சொன்னா புது பைத்தான் 4300 இலக்கத்துக்கு மேல முடியாதுன்னு நிக்குது, அந்த லிமிட்டை நாமளே ஏத்தி விடணும். இப்ப 86243 ஓடிட்டு இருக்கு.