பிள்ளையார் சாப்பிடும்வரை

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் வழியில் இருக்கிறது திருநாரையூர். சம்பந்தர் பாடிய தலம். இந்த முறை ஆறு வயதுப் பேரனும் என்னுடன் வந்திருந்தான். சௌந்தர்யேஸ்வரரையும் திரிபுரசுந்தரி அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் பொல்லாப் பிள்ளையார் சந்நிதிக்கு வந்தோம்.

பெயரைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "பிள்ளையார் கெட்டவரா பாட்டி?"

இல்லை கண்ணா, பொள்ளுதல் என்றால் செதுக்குவது. உளி படாமல் தானாகத் தோன்றியவர் என்பதால் பொள்ளாப் பிள்ளையார். அதுதான் வாயில் புரண்டு பொல்லாப் பிள்ளையார் ஆனது என்றேன். அப்புறம் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து நம்பியின் கதையைச் சொன்னேன்.

இந்தக் கோயிலில் பூஜை செய்துவந்தவரின் மகன் நம்பி. ஒருநாள் அப்பா வெளியூர் போக வேண்டியிருந்தது. பூஜையைப் பையனிடம் விட்டுப் போனார். அவனும் நைவேத்தியத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளையார் சாப்பிடுவார் என்று காத்திருந்தான். அவர் சாப்பிடவில்லை. கெஞ்சினான், அழுதான். கடைசியில் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனான். "நம்பி, பொறு" என்று தடுத்துவிட்டுப் பிள்ளையார் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, வாத்தியார் அடிப்பார் என்று பையன் பயந்தபோது, பாடத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

"பிள்ளையாரே வாத்தியாரா!" பேரனுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. தேவாரச் சுவடிகளைத் தேடிய ராஜராஜ சோழன் இந்த நம்பியிடம்தான் வந்தான் என்பது சைவ மரபு. தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் கறையான் புற்று மூடிக் கிடந்த ஏடுகளை மீட்டு, 11 திருமுறைகளாகத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி அவர்தான். நாம் இன்று பாடும் தேவாரம் அப்படித்தான் நம் கைக்கு வந்தது.

பேரன் யோசித்துக்கொண்டே இருந்தான். "அழற வரைக்கும் ஏன் சாப்பிடல? முதல்லயே சாப்பிட்டிருக்கலாமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

நாற்பது வருஷமாக வீட்டில் தினமும் நைவேத்தியம் செய்கிறேன். நீர் சுற்றி, மணி அடித்து, கண்ணை மூடித் திறந்தால் முடிந்தது. சுவாமி பார்வையாலேயே ஏற்றுக்கொள்கிறார் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு நாளாவது அவர் முகத்தைப் பார்த்து நின்றேனா? நம்பி நின்றான். கொடுத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். சாப்பிடாதபோதும் இவர் வெறும் கல் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் பூஜையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அழுதான். நானோ, கேட்டது நடக்கவில்லை என்றால் இவருக்குக் காது இருக்கிறதா என்று முணுமுணுத்த நாட்கள் உண்டு. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன். பூஜையை மட்டும் விடவில்லை, கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை வெண்பொங்கல் வைத்து மணி அடித்தேன். வழக்கம்போல் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டியபோது பேரன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"இரு பாட்டி. இப்பத்தானே வெச்சே?"

சரி என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்படியில் வேலை கிடந்தது, கிடக்கட்டும். பொங்கலின் ஆவி மெல்ல அடங்கியது. இரண்டு பேரும் கண்ணை மூடாமல் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.