திங்கட்கிழமைதான் எனக்கு ஓய்வுநாள்

திங்கட்கிழமை நான் போனை எடுப்பதில்லை. துணி துவைப்பதில்லை, ரேஷன் கடைக்குப் போவதில்லை. முந்தின நாள் குழம்பைச் சுடவைத்து, சோறு மட்டும் வடிப்பேன். என் மதினிக்கு இதில் ரொம்ப வருத்தம். "ஊருக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள்னா இவளுக்கு மட்டும் திங்கக்கிழமை. மலையில போயி புது வேதம் படிச்சிட்டு வந்திருக்கா" என்று கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். சரி, ஒரு தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் கட்டி 1880இல் பிரதிஷ்டையான கிறிஸ்தவக் கோயிலின் மணிச்சத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை ஒரு தீப்பெட்டிகூட வாங்க விடமாட்டாள். சனிக்கிழமை சாயங்காலமே தண்ணீர் இறைத்து, புளிக்குழம்பு வைத்து, வாசல் தெளித்து எல்லாம் முடிந்துவிட வேண்டும். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும். அது மிஷனரிகளுக்கு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, வடக்கே ஊழியத்துக்கு ஆள் அனுப்புவது திருநெல்வேலிச் சபைகளுக்குப் பழகிப்போன காரியம். அந்தப் பிடி அரிசியில் ஒரு நாள் நானே சாப்பிடுவேன் என்று ஆச்சியும் நினைத்திருக்க மாட்டாள், நானும் நினைக்கவில்லை.

நர்சிங் முடித்து, கல்யாணமான அதே 1994இல் ராஜ்மகால் மலைக்குப் போனோம். சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து சாகிப்கஞ்ச் ரயில், அப்புறம் ஜீப், அப்புறம் நடை. அப்போது அது பீகார்; ஜார்க்கண்ட் பிறந்தது 2000இல்தானே. மலைமேல் பஹாடியா மக்கள். மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைப்பார்கள், சபாய்ப் புல்லில் கயிறு திரிப்பார்கள். மலேரியாவும் காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் வீட்டுக்கு வீடு உண்டு.

அவர்கள் பேசுவது மால்தோ, தமிழுக்குச் சொந்தக்கார மொழி. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மொழி என்று வருவது இதுதான். எங்கள் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டில் உட்கார்ந்து அவர் எழுதிவைத்த மொழியை, அந்தத் தேரிக்காட்டுப் பெண்ணான நான் ஒரு வார்த்தை தெரியாமல் போய்க் கேட்டேன். பல்லுக்குப் 'பலு', தண்ணீருக்கு 'அமு'. 'நான்' என்பதற்கு 'ஏன்'. வந்த புதிதில் யார் வாயைத் திறந்தாலும் 'ஏன், ஏன்' என்றே காதில் விழும். நான் கேள்வி என்று நினைத்து இந்தியில் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கீழே சமவெளியில் சந்தை. அது ஞாயிற்றுக்கிழமை. நாள் குறிப்பது வியாபாரிகள், இவர்களைக் கேட்டு அல்ல. விடியுமுன்னே பயறும் விறகும் கயிறும் சுமந்து இறங்கிப்போனால், உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்ப இருட்டிவிடும். எங்கள் வீடு சரியாகப் பாதி வழியில். மேல் ஊர்க்காரர்கள் இரவு அங்கேயே தங்கிவிடுவார்கள். ஒரு ஞாயிறு எண்ணிப்பார்த்தேன், தரையில் பதினாலு பேர். பீடிப் புகை, ஈரத் துணி நாற்றம், தலையெல்லாம் பேன். வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி ஆறு வாரத்தில் தீர்ந்தது, நல்ல மனசும் கூடவே தீர்ந்துகொண்டிருந்தது. காப்பிக்குத் தண்ணீர் வேண்டுமே! ஊற்று அரை மணி நேர இறக்கத்தில்.

எங்கள் திருநெல்வேலிக்காரர், பின்னாளில் பிஷப்பான அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசியதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். எங்களுக்காக உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே கேட்டாரே, அந்தப் பேச்சு. நானும் வாலிபர் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள். மலையிலோ தகரக் கூரை எங்கள் வீட்டுக்குத்தான், பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் வீட்டில்தான், பூட்டும் எங்களிடம்தான். அங்கே நாங்கள்தான் வெள்ளைக்காரர்கள். இது எனக்கு உறைக்க மூன்று வருஷம் ஆனது.

அந்த மூன்றாம் வருஷம் ஜூலை மாதம். என் வீட்டுக்காரர் சாகிப்கஞ்ச் போயிருந்தார். நான் அலுத்துப்போயிருந்தேன். இன்றைக்காவது ஓய்வுநாளை ஓய்வுநாளாக ஆசரிப்போம் என்று கதவை உள்தாழ் போட்டு, வேதம் வாசித்து, தூங்கியும் விட்டேன். மழைச் சத்தத்தில் விழித்தபோது மணி நாலு இருக்கும். கதவைத் திறந்தால், திண்ணையில் ஒரு கிழவி. மேல் ஊர்க்காரி, நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். சாரல் அடித்த பக்கம் சேலை தொப்பலாக நனைந்திருக்கிறது, மறுபக்கம் காய்ந்தபடியே இருக்கிறது. மடியில் பயறு மூட்டையை அந்தக் காய்ந்த பக்கமாக அணைத்து வைத்திருக்கிறாள்.

எப்போது வந்தாய் என்று கேட்டேன். மத்தியானமாம்.

"கதவைத் தட்டக் கூடாதா?"

"உனக்கு இன்றைக்கு ஓய்வு என்று நீதானே சொன்னாய்."

உண்மைதான். போன வாரம் இரவு லாந்தர் வெளிச்சத்தில் பத்துக் கட்டளையில் ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நாலாம் கற்பனையை நான்தான் படிப்பித்தேன். கிழவி அதைக் கவனமாகக் கேட்டிருக்கிறாள், எனக்காக அனுசரித்தும் இருக்கிறாள். முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. உள்ளே வந்து அடுப்போரம் பயறைப் பரப்பிக் காயவைத்தாள். காய்ந்ததும் ஒரு பிடி அள்ளி என் சுளகில் போட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திடீரென்று தாத்தா ஞாபகம். தாத்தா பனையேறி. மாசி தொடங்கி ஆடி வரை அவர் மரம் ஏறாத ஞாயிறு கிடையாது. பாளையைத் தினமும் சீவாவிட்டால் ஊறுவது நின்றுபோகும், இறக்கிய பதநீரைக் காய்ச்சாவிட்டால் புளித்துப்போகும். பனைக்கு ஏது ஓய்வுநாள்? தாத்தா காலையில் ஏறி இறங்கி, குளித்து, இரண்டாம் பாட்டு முடியும்போது கோயிலுக்குள் வருவார். தீப்பெட்டி வாங்க விடாத அதே ஆச்சி, ஆராதனை முடிந்ததும் முதல் வேலையாக விடிலிக்குப் போய்ப் பதநீர் காய்ச்சுவாள். அவர்கள் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்தது ஆவணிக்கு அப்புறம்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். மலைக்குக் கட்டிக்கொண்டு போனதோ தீப்பெட்டிச் சட்டத்தை மட்டும்.

அதற்குப் பிறகு தாழ்ப்பாள் போடவில்லை. பீடி மட்டும் வெளியே என்று கறாராகச் சொல்லிவிட்டேன், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தண்ணீரைச் சந்தைக்கு இறங்குகிறவர்களே ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். யோசனை என்னுடையதல்ல. ஆராதனை முன்போலவே சந்தை முடிந்து ராத்திரியில். மேலிடத்திலிருந்து பார்க்க வந்த ஒருவர் இதென்ன வழக்கம் என்று முகம் சுளித்தார். பதினாலு பேருக்கு நடுவே அவருக்கும் பாய் போட்டோம், காலையில் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சந்தைக்கு மறுநாள் எங்கள் ஊரில் யாரும் மேட்டுக்காட்டுக்குப் போகமாட்டார்கள். முதல் நாள் நடந்த நடைக்குக் கால் வராது. கயிற்றுக் கட்டிலை இழுத்து மகுவா மரத்தடியில் போட்டு, பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். விருந்தாளி வந்தால் முதலில் அந்தக் கட்டிலைத்தான் காட்டுவார்கள். மூன்று வருஷமாக நான் அதன் விளிம்பில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டு எழுதிவிட்டு எழுந்து போனவள். அந்தத் திங்கட்கிழமை மேல் ஊர் ஆச்சி என் கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்து, கொண்டையை அவிழ்த்தாள். அவர்கள் தலைப் பேனைப் பற்றி ஊருக்குக் கடிதமே எழுதியிருந்தேன் நான். நகத்தில் வைத்து நசுக்கி நசுக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினாள். மால்தோவில் ஒன்றும் இரண்டும்தான் அவர்கள் சொந்தக் கணக்கு, அதற்கு மேல் இந்தி எண்கள். பதினொன்று வரை கேட்டது. அப்புறம் தூங்கிவிட்டேன்.